புளோயர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு

மேட்டுப்பாளையம் ஐடிஐயில் படிப்பை முடித்துவிட்டாய், பாகூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் ஃபிட்டருக்கு உதவியாகச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்துபோனது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் 2020இல் மூடப்பட்டுவிட்டது. அவர் கையில் இருந்த பக்குவம் மட்டும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எத்தனையோ ஃபிட்டர்களின் கைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் எனக்கு வந்து சேர்ந்ததை உனக்கு எழுதுகிறேன். உன்னோடு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடமும் படித்துக் காட்டு.

உன் மில்லில் நெல் காய வைக்கும் டிரையருக்கு ஒரு புளோயர், உமியை இழுத்துத் தள்ள ஒன்று, பாய்லருக்கு இரண்டு என்று இருக்கும். பெரும்பாலும் எல்லாமே பெல்ட்டில் ஓடுகிறவை. பார்வைக்குச் சாதுவான இயந்திரம். உள்ளே காற்றுதானே என்று எல்லோரும் அலட்சியமாக இருப்பார்கள். நீ அப்படி இருக்காதே.

1. ஓட விடுவதற்கு முன்னால், ஓடாமல் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொள். சுவிட்சை அணைத்தாகிவிட்டது என்பதால் புளோயர் உன் வசம் வந்துவிடவில்லை. மெயினை இறக்கு. உன் பூட்டைப் போடு, சாவியை உன் சட்டைப் பையில் வை. ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்று ஓர் அட்டையை மாட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார். அசையவில்லை என்றால் மூன்று ஃபேஸிலும் மீட்டர் வைத்துப் பார். அதற்கப்புறம்தான் கார்டைக் கழற்ற வேண்டும். இப்போதைய டிரையர்கள் பலவற்றில் வெப்பம் குறைந்தால் புளோயரைத் தானாகவே ஓட விடும் கருவி இருக்கிறது. யாரும் கை வைக்காமலே அது கிளம்பிவிடும்.

பூட்டெல்லாம் புழக்கத்துக்கு வராத காலத்தில் என் மேஸ்திரி மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பெல்ட்டில் கை வைப்பார். ஒருநாள் அவர் புல்லிக்குள் கை விட்டிருந்தார். டிரையரில் நெல் சூடேறிக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை ஓடிவந்து ஸ்டார்ட்டர் கைப்பிடியைத் தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்தார். பையைத் தட்டிக் காட்டினார். மறுபடி வேலையில் குனிந்துவிட்டார். கணக்குப்பிள்ளை நல்ல மனிதர்தான், நெல்லைக் காப்பாற்றத்தான் ஓடிவந்தார். நல்ல மனிதர்களிடமிருந்தும் உன் விரல்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பூட்டு.

2. கரண்டு இல்லாமலும் இம்பெல்லர் சுற்றும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நிறுத்திய பிறகு பெரிய இம்பெல்லர் நின்று முடிக்கச் சில நிமிஷங்கள் ஆகும். அது நின்ற பிறகும், புகைபோக்கி இழுக்கிற இழுப்பிலேயே, பாய்லர் புகையை இழுக்கும் ஐடி ஃபேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று தோன்றும். அந்த எடைக்கு முன்னால் விரல் ஒன்றுமே இல்லை. புல்லியில் படிந்த சாம்பலைச் சுரண்டக் கையை விட்ட ஒரு பையனுக்கு, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இரண்டு விரல்கள் போனதைப் பார்த்தேன். மெயின் இறக்கித்தான் இருந்தது, ஃபியூஸும் கையில்தான் இருந்தது. காற்று வழியை மூடும் டேம்பர் மட்டும் திறந்திருந்தது. ஆகவே டேம்பரை மூடு. இம்பெல்லரை மரக்கட்டை கொடுத்தோ கயிற்றால் கட்டியோ அசையாமல் நிறுத்து. வேலை முடிந்ததும் கட்டையை எடுத்தாயா என்று நீயே உன் கண்ணால் பார்த்துவிட்டு மூடியைப் போடு.

3. தோளில் துண்டு போடுவது நம் பக்கத்து வழக்கம். மில் வாசலில் அதைக் கழற்றி வைத்துவிடு. கைலியோடு புளோயர் அருகே போகாதே. கையில் கட்டிய கயிறு, மோதிரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி, எல்லாமே பெல்ட்டுக்குப் பிடிமானம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 21ஆம் பிரிவில் சுற்றுகிற பாகங்களுக்குத் தடுப்பு போடச் சொன்னது. ஓடுகிற இயந்திரத்தைப் பரிசோதிக்கிறவர் உடம்போடு ஒட்டிய உடை உடுத்த வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொன்னது. கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்.

உன் உடுப்போடு இந்த விஷயம் முடிந்துவிடாது. களத்தில் நெல் புரட்டும் அக்காக்கள் நிழலுக்காக டிரையர் ஷெட்டுக்குள் வந்து உட்காருவார்கள். பின்னலும் முந்தானையும் காற்றில் பறக்கும். புளோயர் காற்றை இழுக்கும் வாய்க்கு வலை இருக்கிறதா, பெல்ட் கார்டு பின்பக்கமும் மூடியிருக்கிறதா என்று அவர்களுக்காகவும் நீதான் பார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் கார்டு போட்டு, சுவர்ப் பக்கம் யார் போகப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிற வழக்கம் பல மில்களில் உண்டு. விழுந்த காசை எடுக்கவும் பூனைக்குட்டியைத் தேடவும் சுவர்ப் பக்கம் ஆள் போவார்கள், தம்பி.

4. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வா. ஃபவுண்டேஷன் போல்ட்டுகளில் ஸ்பானர் வைத்துப் பார். புல்லியின் சாவியும் அதை இறுக்கும் ஸ்குருவும் இருக்கின்றனவா என்று பார். உறைக்குள் ஸ்பானர், கந்தல் துணி, போல்ட் எதையாவது யாராவது விட்டிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார். பிறகு பெல்ட்டைக் கையால் தள்ளி இம்பெல்லரை ஒரு முழுச் சுற்று திருப்பு. எங்கேயாவது உரசினால் கைக்குத் தெரியும், காதுக்கும் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக ஷெட்டில் எல்லோரையும் ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல். சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும், சொல்லிப் பழகு. பெல்ட்டைக் கையால் தள்ளுவதும் மெயின் பூட்டியிருக்கும்போது மட்டும்தான்.

5. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார். இம்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும், உன் மில்லில் இருக்கும் இந்த வகை புளோயரில் காற்று வருகிற வழியாகத்தான் வரும். அளவு மட்டும் குறைந்துவிடும். அதனால்தான் இந்தத் தப்பு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் லைன் அறுந்து, கரண்டு ஆபீஸ் ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போன மறுநாள் ‘காற்று போதவில்லை, நெல் காயவில்லை’ என்று யாராவது சொன்னால், பெல்ட்டைக் குறை சொல்லும் முன் சுற்றும் திசையைப் பார். ஸ்டார்ட்டரை ஒரு கணம் போட்டு உடனே நிறுத்து, புல்லி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று உறையில் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடு. அம்புக்குறி அழிந்திருந்தால் பெயிண்ட் வாங்கி நீயே போட்டு வை. தப்பாக இருந்தால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

6. எல்லா புளோயருக்கும் ஒரே முறை கிடையாது. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்.

இம்பெல்லர் சுற்றிக் காற்றை வீசியடிக்கிற புளோயரை டேம்பர் மூடிய நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்று போகாதபோது அதற்கு லோடு குறைவு. முழு வேகம் எடுத்த பிறகு டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற, திறக்கும்போது ஆம்பியர் மீட்டரில் கண் வை. மோட்டார் தகட்டில் எழுதியிருக்கிற ஆம்பியரைத் தாண்ட விடாதே. ஐடி ஃபேனில் இன்னும் கவனம் வேண்டும். 200 டிகிரிப் புகையின் எடை, அதே கொள்ளளவு 30 டிகிரிக் காற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. லேசான சூட்டுப் புகைக்கென்று கணக்குப் போட்டு வைத்த மோட்டார், விடியற்காலையில் பாய்லர் ஆறிக்கிடக்கும்போது கனத்த குளிர்காற்றை இழுக்க வேண்டியிருக்கும். டேம்பரைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்தால் அப்போதே டிரிப் ஆகும்.

நாளைக்கு நீ சேதராப்பட்டுப் பக்கம் ஏதாவது கம்பெனிக்குப் போகலாம். கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று அடிக்கும் புளோயர் அங்கே இருக்கும். உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றும். அதற்கும் பெல்ட்தான், பெயரும் புளோயர்தான். ஆனால் அதை வால்வு மூடிய நிலையில் ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதே. உள்ளே வாங்கிய காற்றை எப்படியும் வெளியே தள்ளியே தீரும் இயந்திரம் அது. வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சேஃப்டி வால்வும் வேலை செய்யாவிட்டால் பெல்ட் போகும், மோட்டார் போகும், இல்லை உருளையே போகும். ரைஸ்மில்லில் பல வருஷம் பழகிய கை, அந்தப் பழக்கத்திலேயே அங்கே போய் வால்வை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யப் பார்க்கும். புது இடத்தில் முதல் வாரம் கேட்டுக் கேட்டே வேலை செய். கேட்கிறவனை யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். அப்படி நினைக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் நீ வேலை கற்கவும் முடியாது.

7. பாய்லரில் வரிசை முக்கியம். புகையை இழுக்கும் ஐடி ஃபேன் முதலில், காற்றை ஊதும் எஃப்டி ஃபேன் பிறகு. நிறுத்தும்போது எஃப்டி முதலில், ஐடி கடைசியில். மாற்றிச் செய்தால் தீ அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வரும், அங்கே உமி தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் நிற்பார். கரண்டு போய் வந்த நேரங்களில் இன்னும் எச்சரிக்கையாக இரு. கரண்டு இல்லாத அந்தக் கால் மணி நேரத்தில் உமி கனன்று புகைந்து, எரியாத வாயு உள்ளே தேங்கியிருக்கும். அடுப்பு வாய்க்கு எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஐடி ஃபேனைச் சில நிமிஷம் ஓடவிட்டு அதை வெளியேற்றிய பிறகுதான் ஊதும் காற்றைக் கொடுக்க வேண்டும். கூப்பிட்டுச் சொல்லாமல் பாய்லர் ஃபேனில் கை வைக்காதே. பாய்லர்காரர் ‘சரி’ என்று சொன்னது உன் காதில் விழ வேண்டும்.

8. டிரிப் ஆனால் உடனே ரீசெட் செய்து மறுபடி போடாதே. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மோட்டாரை நேரடியாக லைனில் போட்டு ஸ்டார்ட் செய்தால் அது முழு லோடு கரண்டைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு இழுக்கும். புளோயர் இம்பெல்லர் கனமானது, வேகம் எடுக்க நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரமும் காயில் சூடேறிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று போட்டால் காயில் வெந்துவிடும். ஏன் டிரிப் ஆனது என்று தேடு. ஒரு ஃபேஸ் போயிருக்கலாம், வோல்ட்டேஜ் குறைந்திருக்கலாம், பேரிங் பிடித்திருக்கலாம், டேம்பர் திறந்திருக்கலாம். மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நின்றது. ஓவர்லோடு ரிலேயின் திருகைக் கூட்டி வைத்து ஓட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் செய்யாதே.

9. இனி பெல்ட். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தோன்றாது, பொறுத்துக்கொள்.

வி பெல்ட் புல்லியின் பள்ளத்தில் பக்கவாட்டில் கவ்வித்தான் இழுக்கிறது. அடியில் உட்காரக்கூடாது. பழைய புல்லியின் பள்ளத்தில் அடிப்பாகம் கண்ணாடியாகப் பளபளத்தால், பெல்ட் அடியில் உரசுகிறது என்று அர்த்தம். அந்தப் புல்லியில் புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். புல்லியை மாற்றச் சொல்லிக் கேள். வழுக்குகிற பெல்ட்டுக்குக் குங்கிலியம் பூசுவது பழைய தட்டை பெல்ட் காலத்து வேலை. வி பெல்ட்டுக்கு அது ஆகாது.

மூன்று பெல்ட் ஓடுகிற புல்லியில் ஒன்று அறுந்தால் மூன்றையும் மாற்று. ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஒரே செட். முதலாளி ஒன்றுக்குத்தான் காசு கொடுப்பார். பழையது இரண்டும் இழுபட்டு நீண்டிருக்கும், புதிது மட்டும் இறுக்கமாக நின்று முழுப் பாரத்தையும் தூக்கும், சீக்கிரமே அறுந்துபோகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சம்பா பருவம் முழுக்க ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டு முழு செட்டுக்கான காசு ஆகியிருந்தது, நின்றுபோன நேரம் தனி. சண்டை போடாதே. கணக்கை எழுதி முதலாளியிடம் காட்டு. கணக்கைப் பார்த்தால் கேட்பார்.

பெல்ட்டை ஸ்குரு டிரைவர் வைத்து நெம்பிப் புல்லிமேல் ஏற்றாதே. உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரங்களில் பெல்ட் புரண்டுகொள்ளும். மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ரெயிலில் முன்னால் தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே போடு. பிறகு இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடி. இரண்டு புல்லியின் முகமும் ஒரே கனமாக இருந்தால் நூல் நான்கு இடத்திலும் ஒட்டி நிற்க வேண்டும். ஓர் இடத்தில் இடைவெளி தெரிந்தாலும் மோட்டாரை நகர்த்து. இதற்கு இருபது ரூபாய் நூலும் பொறுமையும் போதும். பொறுமையைத்தான் கடையில் வாங்க முடியாது.

இறுக்கம் பார்ப்பது இப்படி: இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டை அழுத்து. புல்லிகளுக்கு இடையே ஒரு மீட்டர் இருந்தால் 16 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம். எவ்வளவு பலத்தில் அழுத்த வேண்டும் என்பது பெல்ட் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். வழுக்குகிறதே என்று கண்மூடித்தனமாக இறுக்கினால் பெல்ட் பிழைக்கும், பேரிங் செத்துப்போகும். புது பெல்ட் முதல் ஒன்றிரண்டு நாள் ஓட்டத்தில் பள்ளத்தில் படிந்து தளரும். ஆகவே 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நிறுத்தி, பூட்டி, மறுபடி இறுக்கிவிடு. இந்த இரண்டாவது இறுக்கலைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பெல்ட் போட்ட அன்றே தேதியைச் சாக்பீஸால் கார்டின் மேல் எழுதிவிடு.

10. ‘காற்று போதவில்லை, புளோயர் புல்லியைச் சின்னதாகப் போட்டு வேகத்தைக் கூட்டு’ என்று ஒருநாள் உன்னிடம் சொல்வார்கள். பத்து சதவீதம் வேகம் கூட்டினால் காற்றும் பத்து சதவீதம்தான் கூடும். மோட்டார் இழுக்கும் சக்தியோ 33 சதவீதம் கூடிவிடும். 15 குதிரைச் சக்தி இழுத்த இடத்தில் 20 இழுக்கும். இம்பெல்லரைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசையும் 21 சதவீதம் கூடும். அந்த இம்பெல்லர் எத்தனை வேகம் வரை தாங்கும் என்பது அதைச் செய்த கம்பெனிக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்காமல் புல்லி அளவை மாற்றாதே. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் மரியாதையாக, குரல் உயர்த்தாமல், கணக்கோடு சொல். முதலாளி கோபித்துக்கொள்ளலாம். கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். பெரும்பாலும் காற்று குறைந்ததற்குக் காரணம் அடைத்துக்கொண்ட வலையாகவோ ஓட்டை விழுந்த டக்டாகவோதான் இருக்கும். முதலில் அதைத் தேடு.

11. உமிச் சாம்பலைச் சாதாரணமாக எண்ணாதே. அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஐடி ஃபேனின் இறக்கைகளை அது நாளெல்லாம் அரம் போட்டு ராவிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் தேயும், இன்னொரு பக்கம் படியும். படிந்த பொருக்கு ஒரே ஓர் இறக்கையிலிருந்து பெயர்ந்து விழுந்தால் போதும், ஈரத்துணியை எல்லாம் ஒரே பக்கம் திணித்த வாஷிங் மெஷினாக புளோயர் குதிக்க ஆரம்பிக்கும். அதிர்வு திடீரென்று கூடினால் ‘பார்க்கலாம், இந்த லோடு முடியட்டும்’ என்று விடாதே, நிறுத்து. சுத்தம் செய்யும்போது எல்லா இறக்கைகளையும் ஒரே மாதிரி சுத்தம் செய். பாதி செய்துவிட்டுச் சாப்பிடப் போகாதே, போனால் பூட்டோடு போ. விளிம்பு காகிதமாகத் தேய்ந்திருந்தாலும் பற்றவைப்பில் வெடிப்பு தெரிந்தாலும், மேலே ஒரு கோடு வெல்டிங் அடித்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வெல்டிங் அடித்த இம்பெல்லரை பேலன்ஸ் பார்க்காமல் ஓட்டக்கூடாது.

12. பேரிங்குக்குக் கிரீஸ் அதிகம் கொடுப்பதும் கெடுதல்தான். அன்பு மிகுதியில் பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. பிளம்மர் பிளாக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். முழுக்க அடைத்தால் அது கடைபட்டுக் கடைபட்டுச் சூடாகும். முன்னால் என்ன கிரீஸ் போட்டிருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு அதையே போடு. சில கிரீஸ்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும். தினமும் பேரிங் வீட்டின் மேல் புறங்கையை வை, கார்டுக்கு வெளியே கை எட்டும் இடத்தில் மட்டும். சில நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். நேற்று வைக்க முடிந்தது, இன்று முடியவில்லை என்றால் அந்த வித்தியாசத்தைத்தான் நீ பிடிக்க வேண்டும்.

13. நம் ஊருக்கு வெள்ளம் வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது உனக்கு நினைவிருக்கும். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும் கரை தொட்டு ஓடியது. ஒரு மில்லுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மோட்டார் பாதி வரை சேறு. குடோனில் நனைந்த நெல் முளை விட ஆரம்பித்திருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ‘வெயிலில் காய்ந்துவிட்டது, ஒருமுறை போட்டுப் பாருங்கள்’ என்றார். மோட்டார் உறையைத் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. காயிலின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை.

கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, மூடியைத் திறந்து உள்ளே பெரிய குண்டு பல்புகளை எரியவிட்டு மெதுவாக உலர்த்தினோம். நடுநடுவே மெக்கர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மெகாஓம்கூட வராத மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கவே கூடாது. வந்த பிறகும் பல மெகாஓம் ஏறி, அங்கேயே நிலைத்து நிற்கிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். பேரிங் வீட்டைத் திறந்தால் கிரீஸ் வெளுத்துப்போய்க் கிடந்தது. அதை வழித்தெடுத்து, கழுவி, புது கிரீஸ் வைத்தோம். சேறு ஊறிய பெல்ட்டை மாற்றினோம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நண்டு இருந்தது. இவ்வளவுக்கும் சில நாள் ஆனது, கொஞ்சம் நெல் வீணாகத்தான் போனது. அந்த மனிதரின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே ‘இன்னும் இல்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தது. இரக்கம் இருப்பவனுக்குத்தான் அப்படிச் சொல்வது கஷ்டம். உனக்கும் கஷ்டமாக இருக்கட்டும், ஆனாலும் சொல்.

14. காதைக் காப்பாற்று. 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் அனுமதி, அதற்கு மேல் சத்தம் கூடக் கூட நேரம் குறைய வேண்டும். புளோயர் ஷெட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதில் பஞ்சு போதாது, இயர்மஃப் வேண்டும். எங்கள் காலத்தில் யாரும் கொடுக்கவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. இன்றைக்குப் பேத்தி மெல்லப் பேசினால் எனக்குக் கேட்பதில்லை. அவள் வாயசைவைப் பார்த்துச் சிரித்துவிடுகிறேன். போன காது திரும்பி வராது. அதே போல உமித்தூசிக்கு மூக்கை மூடு. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது, முகக்கவசம் போடு.

15. ஒரு நோட்டு வைத்துக்கொள். தேதி, எந்த புளோயர், எத்தனை ஆம்பியர் இழுத்தது, பேரிங் சூடு எப்படி, பெல்ட் எப்போது மாற்றியது, கிரீஸ் எப்போது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. ஒருநாள் பார்க்கவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடு, வெறுமைக்கும் பயன் உண்டு. பார்க்காமலே தினமும் ஒரே எண்ணை எழுதி வைத்த நோட்டை நம்பி, சாகப்போகும் பேரிங்கைப் பருவம் நடுவில் ஓட்டி ஷாஃப்டையே இழந்த மில்லை எனக்குத் தெரியும். உனக்கு அடுத்த ஷிப்டில் வருகிறவர் உன் எழுத்தை நம்பித்தான் கை நீட்டுவார்.

பொங்கலுக்குப் பிறகு சம்பா நெல் வர ஆரம்பித்தால் மில்லில் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பின்கட்டில் ஒரு பழைய புளோயரும் மோட்டாரும் கிடக்கின்றன. நூல் பிடித்து புல்லி நேர் பார்ப்பதை இரண்டு பேருமாகச் செய்துபார்ப்போம். பூட்டு வாங்கியிருந்தால் அதையும் எடுத்து வா. வாங்கவில்லை என்றால் வில்லியனூர்க் கடைத்தெருவில் நானே வாங்கித் தருகிறேன். சாவி உன்னிடம்தான் இருக்கும், மாற்றுச் சாவியை யாரிடமும் கொடுக்காதே.